சனிக்கிழமை ஒத்திகை

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் சோபாக்காரர் கைகால் கழுவி, சட்டையில் ஒட்டிய பஞ்சுத் துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஏதாவது ஒரு பூங்காவுக்கோ ஏரிக்கரைக்கோ போவார். காற்று வாங்கப் போகிறவரின் நடை அல்ல அது. வாசலில் நின்று, திறக்கும் நேரம் எழுதிய பலகையைப் படிப்பார். கழிப்பறை எந்தப் பக்கம், கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்ப்பார். சறுக்குமரத்தின் தகரத்தைப் புறங்கையால் தொடுவார். அது மத்தியான வெயிலில் கொதித்தால் காலையிலேயே வந்துவிட வேண்டும். திரும்பும் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று நிறுத்தத்தில் நிற்பவர்களைக் கேட்டுக்கொள்வார். மறுநாள் காலை தன் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, அன்றுதான் அந்த இடத்தைக் காண்கிறவர் போல அங்கே வருவார்.

பட்டறை முதலாளியம்மா ஒருநாள் கேட்டேவிட்டார். "என்ன மாஸ்டர், சனிக்கிழமை ஆனா தலையெல்லாம் சீவி ஜம்முன்னு கிளம்பிடறீங்க. பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"இல்லம்மா. ஊஞ்சல் பார்க்கப் போறேன்."

முதலாளியம்மா சிரித்தார். சோபாக்காரர் சிரிக்கவில்லை.

அந்த ஊருக்கு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு வேறொரு ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தவர். பழைய சோபாவை அக்கக்காகப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, புது ஸ்பாஞ்ச் வைத்து, துணி இழுத்து அடித்துக் கொடுத்தால் கடையில் வாங்கியதுபோல இருக்கும் என்று பேர் எடுத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் தூக்கம். மனைவியும் அவரும் பிரிந்தது அடிதடியால் அல்ல. குடியும் இல்லை, வேறு தொடுப்பும் இல்லை. வாய்ச்சண்டைகூட இல்லை. இரண்டு பேர் பேசினால்தானே சண்டை வரும்.

குடும்ப ஆலோசகரின் அறையில், மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, "உங்க குறை என்னம்மா?" என்று ஆலோசகர் கேட்டார். மனைவி நெடுநேரம் யோசித்தாள். பெரிய பட்டியல் ஒன்றை எடுத்து விடப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பத்து வருஷத்துல பிள்ளைங்கள ஒருநாள் வெளிய கூட்டிட்டுப் போனதில்ல. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லியே பெரியவளுக்குப் பத்து வயசு ஆயிடுச்சு."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார். இதைக் கேட்டு முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு வேறு ஊரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. பிள்ளைகளோடு போய்விட்டாள். நான்கு மாதம் கழித்து அவர் பட்டறையை மூடிவிட்டு அதே ஊருக்குப் போய், இன்னொருவர் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்று பேர் தங்கியிருந்த ஓர் அறையில் நாலாவது கட்டிலைப் பிடித்தார். பிறகு மனைவிக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போகட்டுமா?"

"பத்து மணிக்கு வாங்க. அஞ்சுக்குள்ள கொண்டுவந்து விட்டுடணும். ஆனா உங்க ரூமுக்கு வேண்டாம். நாலு ஆம்பளைங்க இருக்கிற இடம்."

"நானே அங்க கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றார். அப்படியாகப் போக்கிடம் என்று அவர்கள் மூவருக்கும் இருந்தது திறந்த வெளி மட்டும்தான்.

முதல் ஞாயிறு கண்றாவியாகப் போயிற்று. மிருகக்காட்சிசாலை என்று கேள்விப்பட்டு ஏறிய பேருந்து எதிர்த்திசைப் பேருந்து. கடைசி நிறுத்தத்தில் பேருந்துகளைக் கழுவும் கொட்டகை மட்டும் இருந்தது. ஐந்து வயதுச் சின்னவன் அவசரம் என்று துடித்தான். அவர் கழிப்பறையைத் தேடி இரண்டு பக்கமும் ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் பையனின் கால்சட்டை நனைந்துவிட்டது. பெரியவள் தம்பியின் முன்னால் மறைவாக நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், "அப்பா, உங்களுக்கு இந்த ஊரு தெரியாதா?" என்று கேட்டாள்.

மதியம் இரண்டு மணிக்கே வீட்டில் கொண்டுபோய் விட்டார். மனைவி கதவைத் திறந்து, பையனின் கால்சட்டையைப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை ஒத்திகை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. அடுத்த ஞாயிறு பெரிய பூங்காவில் மூன்றாவது வாசல் வழியாக நுழைந்தால் நேரே வாத்துக் குளம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கடுத்த வாரம், ரொட்டியும் அவித்த முட்டையும் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஏறினார்கள். எந்தப் படியில் நிழல் இருக்கிறது, எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம் என்பதெல்லாம் முதல்நாளே பார்த்து வைத்ததுதான். விமான நிலையத்தின் பின்பக்க வேலி ஒன்றை ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து கண்டுபிடித்தார். அங்கே விமானங்கள் தலைக்கு மேல் சக்கரம் தெரிய இறங்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் விமானம் வந்தபோது சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவதுக்கு எழுந்து நின்றான். மூன்றாவதுக்குக் கையாட்டினான்.

"அட, இங்க இப்படி ஒரு இடம் இருக்கே" என்று அவர் ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் ஆச்சரியப்பட்டார். நடிப்பு அவருக்குக் கைவந்த கலை அல்ல. ஆனாலும் பிள்ளைகள் நம்பினார்கள்.

"அப்பாக்கு எப்படித்தான் கரெக்டா இடம் கிடைக்குதோ" என்று பெரியவள் ஒருமுறை தம்பியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க, துணியை மரச்சட்டத்தில் அடிக்கும் ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தபோதெல்லாம் அந்த வாக்கியம் காதுக்குள் ஓடியது. முதலாளியம்மா, "மாஸ்டர், எதுக்கு பின் அடிச்சுகிட்டே சிரிக்கிறீங்க, பயமா இருக்கு" என்றார்.

குட்டு வெளிப்பட்டது ஏரியில். படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் பெண் அவர்களைக் கண்டதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "வாங்க வாங்க. நேத்து வந்து சின்ன சைஸ் லைஃப் ஜாக்கெட் இருக்கா, கிழியாம இருக்கான்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தீங்களே, இவங்களுக்குத்தானா? அழகா இருக்காங்க பிள்ளைங்க."

அவருக்கு அசடு வழிந்தது. "ஆமா, இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன்" என்று மென்று விழுங்கினார். பெரியவள் படகு ஏரி நடுவுக்குப் போகும்வரை தண்ணீரில் விரலைக் கோடு இழுத்தபடி வந்தாள். சின்னவன் பெடலை மிதிக்கிறேன் பேர்வழி என்று எட்டாத காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பா."

"என்ன கண்ணு?"

"மலைக்கும் முதல் நாளே போனீங்களா?"

அவர் கரையைப் பார்த்தார்.

"பிளேன் பார்க்கப் போனமே, அங்கயும்?"

"ம்."

"அவ்வளவு படியும் ரெண்டு தடவ ஏறினீங்களா?"

"ரெண்டாவது தடவ உன் தம்பியத் தோள்ல தூக்கிட்டு ஏறினேன்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. படகு ஆடும் அளவுக்குச் சிரித்தாள். அவரும் சிரித்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே சின்னவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்போ அந்த ஊர்ல ஏன் எங்களக் கூட்டிட்டுப் போகல?"

"கடை இருந்துச்சுமா."

"ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே."

"ஆமா."

"அம்மா எங்களுக்குத் தலை சீவி, டிரஸ் மாத்தி உட்கார வெச்சிருப்பாங்க. நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. எழுப்பாதீங்கடான்னு சொல்லிட்டு, சாயங்காலம் டிரஸ்ஸைக் கழட்டி மறுபடி மடிச்சு வெப்பாங்க."

இது அவருக்குத் தெரியாது. ஒரு ஞாயிறா, இரண்டு ஞாயிறா, எத்தனை ஞாயிறு அப்படி மடித்து வைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. படகைக் கரைக்குத் திருப்பினார். அரை மணி நேரச் சவாரியில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.

வீட்டு வாசலில் விடைபெறும்போது பெரியவள் ஒரு கட்டளை போட்டாள். "அடுத்த வாரம் முதல் நாளே போய்ப் பார்க்கக் கூடாது. நாம மூணு பேரும் ஒண்ணாப் பார்க்கணும்."

அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கை ஒடிந்ததுபோல் இருந்தது. அறையிலேயே படுத்துக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை, வந்து நின்ற ஏதோ ஒரு பேருந்தில் மூவரும் ஏறி, பெரியவள் "இங்க" என்று சொன்ன இடத்தில் இறங்கினார்கள். செங்கல் சூளை ஒன்றுக்குப் பின்னால் பெரிய புல்மேடு. அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. சூளைக் காவலாளியிடம் காலி அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் புல்லின் மேல் போட்டு உட்கார்ந்தால் அடிவாரம்வரை சறுக்கிக்கொண்டு போகலாம் என்பதைச் சின்னவன்தான் கண்டுபிடித்தான். நாற்பத்தைந்து வயது ஆளும் சறுக்கினார். ஒருமுறை உருண்டார். அப்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். பேருந்து வருகிற வழியாக இல்லை. போனிலும் உயிர் இல்லை. சின்னவன் அவர் தோளிலேயே தூங்கிப்போனான். அவனுடைய நனைந்த தலைமுடி அவர் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி நடப்பதுபோல் நடந்து காட்டினாள். அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. பிற்பாடும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறரை. மனைவி வாசலிலேயே குடையோடு நின்றிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டுவிட்டு இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"திட்டப் போறதில்ல. பிள்ளைங்க முகத்தப் பார்த்தாலே தெரியுது." பெரியவளிடம் சாவியைக் கொடுத்துத் தம்பியோடு மேலே அனுப்பினாள். பிறகு படிக்கட்டின் கீழேயே நின்று சொன்னாள். "ரெண்டு மாசமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். எங்கண்ணன் இருக்கிற நாட்டுல எனக்கு ஒரு ஆஸ்பத்திரியில வேலை ஆயிடுச்சு. ஸ்கூல் லீவுல கிளம்பணும். பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகணும்னா நீங்க சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். போடலைன்னா நாங்க போக முடியாது. அது எனக்குத் தெரியும்."

"நான் இங்க வந்ததே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"தெரியும்" என்றாள். "அதனாலதான் ரெண்டு மாசமா வாய் வரல. இந்த அப்பா முன்னமே இருந்திருக்கலாம்." குடையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அவள் பிறகு கொடுத்தனுப்பிய சம்மதத் தாளை அவர் மூன்று வாரம் வைத்திருந்தார். தலையணைக்கு அடியில் வைத்தால் தூக்கம் வரவில்லை. பட்டறையில் தன் கருவிப் பெட்டிக்குள் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தார். போடமாட்டேன் என்று சொல்லிவிடலாம். சட்டம் அவர் பக்கம். அறையில் இருந்த மூவரும் அதையேதான் சொன்னார்கள். "விட்டுக் கொடுத்தா அவ்வளவுதான் அண்ணே, பிள்ளைங்க மொகம் மறந்துடும்."

நாலாவது வாரம் மூவரும் மறுபடி குன்றுக்குப் போனார்கள். சின்னவன் இந்தத் தடவை தானே ஏறுவேன் என்று முன்னால் ஓடினான். அவர் பெரியவளிடம் கேட்டார். "உனக்குப் போக இஷ்டமா கண்ணு? அம்மாக்காகச் சொல்லாத. எனக்காகவும் சொல்லாத."

அவள் நாலைந்து படி ஏறினாள். "எனக்குப் போகணும்னு இருக்குப்பா" என்றாள். சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். போக ஆசைப்படுவதற்காக அழுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்கு எதுக்கு அழுவுற? ஆசைப்பட்டா தப்பா?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். மேலிருந்து சின்னவன், "நான் முதல்ல வந்துட்டேன்" என்று கத்தினான்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு வேளையில் மட்டும் அவரைக் காணவில்லை. தேடிப் போன முதலாளியம்மா, பட்டறையின் பின்பக்கம் ஒரு பழைய சோபாவின் மரச்சட்டத்துக்குள், துணியில்லாத ஸ்பிரிங்குகளின் மேல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

கடைசி ஞாயிறு எங்கே போகலாம் என்று சின்னவனிடம் கேட்டார். மிருகக்காட்சிசாலை என்பான், விமானம் என்பான் என்று எதிர்பார்த்தார். "நீங்க வேலை செய்யற இடம்" என்றான் அவன். முதலாளியம்மா விடுமுறை நாளிலும் வந்து பின்வாசலைத் திறந்துவிட்டார். அங்கே வெட்டவெளியில், தைக்க வந்த சோபாக்கள் எலும்பும் தோலுமாக வரிசையில் நின்றன. ஒரு மூலையில் கழித்துப் போட்ட ஸ்பாஞ்ச் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் ஒரு சோபாவின் கைப்பிடி மேல் ஏறி நின்று அந்தக் குவியலில் குதித்தார்கள். மீண்டும் ஏறினார்கள், மீண்டும் குதித்தார்கள். மதியம்வரை அதேதான். அவர் ஓரமாக நின்று, ஒவ்வொரு குதிப்புக்கும் சிதறிய ஸ்பாஞ்சைக் காலால் தள்ளித் தள்ளி மறுபடி குவித்துக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்கு வீட்டில் விட்டபோது சின்னவன், "அடுத்த வாரம் பிளேன்" என்றான். சரி என்றார்.

அவர்கள் போன பிறகு அவர் அந்த ஊரிலேயே இருந்துவிட்டார். "சொந்த ஊருக்குப் போயிடுங்களேன் மாஸ்டர். இங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்று முதலாளியம்மா கேட்டதற்கு, "அங்க மட்டும் யாரு இருக்காம்மா?" என்றார். கொஞ்ச காலம் சனிக்கிழமைகளில் கால் தானாக வெளியே கிளம்பியது. ஒருமுறை பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு பெண் சந்தேகமாகப் பார்த்துத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அதன் பிறகு போகவில்லை.

போன் வாரம் தவறாமல் வந்தது. பிறகு மாதம் இருமுறை. சின்னவன், "நல்லா இருக்கேன், சாப்டேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்துவிடுவான். தப்பு அவன்மேல் இல்லை. ஆறு வயதில் போனவன்.

ஏழு வருடம் கழித்து இருவரும் நாலு நாள் வந்தார்கள். பெரியவளுக்குப் பதினெட்டு வயது. அவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். சின்னவன் அவரைவிட உயரமாக வளர்ந்திருந்தான். கைகொடுப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றான். போன இடங்களையெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் மரியாதைக்காக, "லேசா ஞாபகம் இருக்கு" என்றான். ஒன்றும் ஞாபகம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவனைச் சங்கடப்படுத்தாமல் பேச்சை மாற்றினார்.

மூன்றாம் நாள் பெரியவள் பழைய பள்ளித் தோழியைப் பார்க்கப் போனாள். அப்பாவும் மகனும் மட்டும் ஆற்றங்கரைப் பாதையில் நடந்தார்கள். அது புதிதாகப் போட்ட பாதை. அவரே இதற்கு முன்பு வந்ததில்லை. பிறகு அவன், வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்துக் கேட்டான். "நீங்க ஏன் எங்க கூட வரல? அம்மாகிட்ட கேட்டா உன் அப்பாவையே கேளுன்னு சொல்றாங்க."

அவர் நின்றார். வேலை, விசா என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கும் வாய் வரத்தான் செய்தது.

"என்னை யாரும் கூப்பிடலப்பா" என்றார். "கூப்பிடற மாதிரி நான் நடந்துக்கல. நீ பிறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச தப்பு அது. நான் திருந்தறதுக்குள்ள உங்கம்மாவுக்குப் பொறுமை போயிடுச்சு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

ஆற்றில் மணல் அள்ளும் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது பாலத்துக்கு அடியில் மறையும்வரை இருவரும் பார்த்தார்கள்.

"கால் வலிக்குதா உங்களுக்கு? நொண்டறீங்க" என்றான் பிறகு.

"முட்டி. வயசாயிடுச்சுல்ல. மெதுவா நடந்தா சரியாப் போகும்."

அவன் நடையைக் குறைத்துக்கொண்டான். பாதை முடிகிற இடம்வரை அப்படியே போய்த் திரும்பினார்கள்.

மறுநாள் மத்தியான விமானத்துக்கு இருவரும் கிளம்பிப் போனார்கள். திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனார். பள்ளி முதல்வர் அறைக்கு ஆறு நாற்காலிகள் தைக்க வேண்டியிருந்தது.